தேரியில கல்லுக்கருவி கெடச்சா, மொதல்ல மண்ணப் பாருங்க

சாத்தான்குளம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க: தோட்டத்துக்காக தேரிய, அதான் நம்ம பக்கத்து செம்மணல் மேட்ட, ஜேசிபி வச்சு வெட்டுனப்ப நகத்தளவுல கூரான கல் சில்லுங்க வந்துச்சாம், அடியில மண்ணு கலரே மாறுதாம், அந்தக் காலத்துல இங்க ஆறா கடலா காடான்னு மண்ண வச்சே சொல்ல முடியுமா, பிள்ளைகள விட்டு எல்லாத்தையும் பொறக்கி வைக்கலாமான்னு.

சொல்ல முடியும் அண்ணாச்சி, ஆனா பொறக்குறத இன்னைக்கே நிறுத்திருங்க. சில்லு எந்த மண்ணுல, எவ்வளவு ஆழத்துல, எப்படி கெடந்துச்சுங்கிறதுதான் விஷயமே, கைக்கு வந்துட்டா அது போச்சு.

அந்தக் காலத்து ஆளுங்க செதுக்குன நம்ம தேரி சில்லுங்கள நெலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்துலயே பாத்தாச்சு, 1956ல தொல்லியல் ஆய்வாளருங்க சாய்னரும் ஆல்ச்சினும் இத பழைய கடல் மட்டத்தோட சேத்து வச்சு எழுதுனாங்க. செவப்பப் பாத்து எரிஞ்ச மண்ணுன்னு நெனச்சிராதீங்க, மணல்ல இருக்க இரும்புத்தாது காத்துபட்டு சிதைஞ்சு ஒவ்வொரு குருணையிலயும் துருவா ஒட்டுனதுதான் அது. பீஜிங் பக்கத்துல சோகோடியன் குகையில ஆதிமனுசன் தீ மூட்டுன சாம்பல்னு ரொம்ப வருஷமா நம்புன ஒரு அடுக்க 1998ல நுணுக்கமா ஆராய்ஞ்சப்ப தண்ணி கொண்டுவந்து போட்ட வண்டல்னு தெரிஞ்சுது, கலர மட்டும் நம்புனா இப்படித்தான் ஆகும்.

வெட்டுன சுவர வெளிய நின்னே பாருங்க, குழிக்குள்ள எறங்காதீங்க, தேரி மணல் சொல்லாம சரியும். குருணை எல்லாம் சொளகுல புடைச்ச மாதிரி ஒரே சைஸா இருந்தா காத்து போட்ட மணல், உருண்ட கூழாங்கல்லும் பருமணலும் கலந்து கெடந்தா ஓடுன தண்ணி, வழுவழுன்னு களியா இருந்தா தேங்குன தண்ணி இல்லன்னா மெதுவா ஏறி வடிஞ்ச வெள்ளம். சென்னைக்கு அந்தப் பக்கம் அதிரம்பாக்கத்துல பத்து லட்சம் வருஷத்துக்கும் முந்தின கைக்கோடாரி களிமண்ணுலதான் கெடந்துச்சு. வெள்ளையா சுக்கான் கட்டி இருந்தா வினிகர் ரெண்டு சொட்டு விடுங்க, நுரைச்சா சுண்ணாம்பு, மழை கொறஞ்சு வெயில் காய்ஞ்ச காலத்துல அது மண்ணுலயே தங்கிப்போயிரும். மணல் நடுவுல கருத்த கோடு ஒண்ணு நீளமா போச்சுன்னா, மணல் நகராம நின்னு புல்லு பூண்டு மொளச்ச பழைய தரையா இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் கோட்டு மேலயே சில்லு கெடந்தா ஆளு பொழங்குன தரையிலயே அது கெடக்கலாம், எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனா தேரியில ஒரு ஏமாத்து இருக்கு, காத்து மணல மட்டும் அள்ளிட்டுப் போயிரும், வெயிட்டான கல்லுங்க அப்படியே கீழ எறங்கி வேற வேற காலத்துது ஒரே மட்டத்துல வந்து ஒக்காந்துரும். அதனால விளிம்பு மழுங்காம கூரா இருக்கா, செதுக்குன பொடிச் சில்லும் பக்கத்துலயே கெடக்கான்னு பாக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் ஆளு அங்கயே ஒக்காந்து செதுக்குனான்னு தைரியமா சொல்லலாம்.

வயசு தெரியணும்னா சுவர சுரண்டாம விடுங்க. மணல்ல இருக்க குவார்ட்ஸ்ங்கிற கனிமக் குருணை கடைசியா எப்ப வெயில் பாத்துச்சுன்னு லேப்ல கண்டுபிடிப்பாங்க, அதுக்கு வெளிச்சம் படாம இரும்புப் பைப்ப சுவத்துக்குள்ள அடிச்சு எடுக்கணும், அது நம்ம வேலை இல்ல. நீங்க பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க, மொபைல்ல லொகேஷன் குறிச்சுக்கிடுங்க, ஏற்கனவே எடுத்த சில்ல கழுவாம எந்தக் குழின்னு எழுதி தனித்தனி கவர்ல போட்டு வச்சுக்கிட்டு, தாசில்தார் ஆபீஸ்லயும் தொல்லியல் துறையிலயும் எழுத்துல குடுத்துருங்க, அவங்க வந்து பாக்குற வரைக்கும் அந்தப் பக்கம் ஜேசிபிய விடாதீங்க.