மெக்கட்ரானிக்ஸ் படித்தால் எதிலும் ஆழம் இல்லாமல் போய்விடுமா?

மெக்கானிக்கல் கொஞ்சம், எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம், புரோகிராமிங் கொஞ்சம் என்று படித்துவிட்டு, கடைசியில் எதுவுமே உருப்படியாகத் தெரியாமல் வெளியே வருவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இளநிலைப் படிப்பை முடித்தவன் நான். பயம் நியாயமானதுதான், அப்படி வெளியே வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் படிப்புக்கென்று ஓர் ஆழம் இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, கணக்கும் இயற்பியலும் வரைபடமும்தான். அப்புறம் சென்சார், மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிச் சிப்), நியூமேட்டிக்ஸ் (அழுத்திய காற்றால் இயக்குவது), பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கணினி), ரோபாட்டிக்ஸ் என்று வரிசைகட்டி வரும்.

லேபில் ஒரு டிசி மோட்டாரைச் சொன்ன கோணத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார்கள். புரோகிராம் சரி, வயரிங் சரி, ஆனாலும் மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ரீசெட் ஆகிவிடும். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டை மட்டுப்படுத்தும்; நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அது கிடையாது, அதனால் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், போர்டுக்கும் அதே சப்ளை என்றால் வோல்டேஜ் படுத்துவிடும். சப்ளையைப் பிரித்து அதைத் தீர்த்தால், இப்போது ஷாஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பிஐடி எண்களை (நிற்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து மோட்டாரைத் திருத்தும் கணக்கின் எண்கள்) எவ்வளவு மாற்றினாலும் முழுதாக அடங்காது, ஏனென்றால் கோளாறு கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் துளி இடைவெளியில். புரோகிராம் மட்டும் தெரிந்தவர் புரோகிராமிலேயே தேடிக்கொண்டிருப்பார். கியரையும் சந்தேகப்படத் தெரிந்தவர்தான் மெக்கட்ரானிக்ஸ் படித்தவர், நான் ஆழம் என்று சொன்னது இதைத்தான்.

இதற்கெல்லாம் அடித்தளம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், அதாவது ஓர் இயந்திரத்தைச் சொன்னபடி நடக்க வைப்பதற்கான கணக்குப் பாடம். வகைக்கெழுச் சமன்பாடு, அதைத் தீர்க்க உதவும் லாப்லாஸ் உருமாற்றம் என்று பார்த்ததும் பலர் பாஸானால் போதும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்காத விஷயம் அது. ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பருக்கும் எழுதுகிற அதே சமன்பாட்டில், நிறைக்குப் பதில் இண்டக்டன்ஸ், டாம்பருக்குப் பதில் ரெசிஸ்டன்ஸ், ஸ்பிரிங்குக்குப் பதில் கெப்பாசிட்டர் என்று மாற்றினால் அது மின்சுற்று ஆகிவிடுகிறது. இது மண்டையில் ஏறிவிட்டால் மூன்று துறை என்று தனித்தனியாகத் தோன்றியதெல்லாம் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும், அந்தச் சந்தோஷம் தனி.

ஆனாலும் மூன்றாவது வருடத்துக்குள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எம்பெடட் (கருவிக்குள்ளேயே இருக்கும் சின்னக் கணினிக்குப் புரோகிராம் எழுதுவது), கன்ட்ரோல், இயந்திர வடிவமைப்பு, ரோபோவுக்கான இமேஜ் பிராசசிங், எது பிடிக்கிறதோ அது. விருப்பப் பாடங்களையும் கடைசி வருட புராஜெக்டையும் அதை ஒட்டியே எடுங்கள். நேர்முகத் தேர்வில் ‘எல்லாம் தெரியும்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ‘மோட்டார் கன்ட்ரோல் நன்றாகத் தெரியும், மெக்கானிக்கல் ஆளோடும் அவர் பாஷையில் பேசுவேன்’ என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். சில வேலைகளுக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பட்டத்தின் பெயரையே பார்ப்பார்கள், அந்த மாதிரி வேலைதான் உங்கள் குறி என்றால் சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: லேபில் நீங்களே வயரிங் செய்து, நீங்களே கழற்றி மாட்டுகிறீர்களா, இல்லை ஒருவர் செய்துகாட்ட மற்றவர்கள் சுற்றி நின்று ரீடிங் எழுதிக்கொள்கிறீர்களா? இரண்டாவது பதில் வந்தால் நான் அங்கே சேர மாட்டேன்.