மாற்றுக்கு அனுப்பிய காட் மடங்கிப் போனால்

தம்பி, கிளிநொச்சியிலிருந்து மாற்றுக்கு அனுப்பிய முரளி காட் (சேர்ப்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் முரளிதரன் படம் போட்ட கிரிக்கெட் காட்) மூலை மடங்கி, ஈரத்தில் ஊதிப்போய்த்தான் கொழும்பு போய்ச் சேர்ந்தது, பெற்றவர் சண்டை பிடிக்கிறார் என்கிறீர்கள். வெறும் கடித உறையில் போட்டால் அப்படித்தான். டாப்லோடர் என்கிற, காட்டைப் போட்டு வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை எங்கட பக்கம் லேசில் கிடைக்காது, சரி, கடையில் பிஸ்கட் வந்த பெட்டி மட்டையை 2.5க்கு 3.5 அங்குலக் காட்டைவிடச் சுற்றிவர ஒரு விரலளவு பெரிதாக, உள்நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி இரண்டு துண்டு வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்ட காட்டை நடுவில் வைத்து ஒட்டுங்கள். செலோடேப் காட்டில் படவே கூடாது. மாரியில் பொலித்தீன் பையும் கட்டாயம். அப்புறம் பதிவுத் தபால்தான், தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். நான்கு மூலையும் தெரிய முன்பின் படம் எடுத்து முன்கூட்டியே பெறுபவருக்கு அனுப்புங்கள். இப்போதைய சண்டைக்கு, காட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு தபால் செலவை நீங்களே கொடுங்கள், பொதி கட்டியது நீங்கள்தானே.