படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் கியர் ஆயில் பால் மாதிரி வருகிறதே, ஏன்?

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல்தான் காரணம். தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுவதும் உண்டு. சில நேரம் வெறும் ஆயில் துளை ஸ்க்ரூவின் வாஷர்தான். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

மோட்டாரை நேராக நிறுத்தி, கியர் கேஸின் மேல், கீழ் ஆயில் துளைகளை மூடியிருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி முழுதாக வடியவிடுங்கள். புது ஆயிலைப் பம்பு வைத்துக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடுங்கள், அப்புறம் பம்பை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழ் ஸ்க்ரூவை.

ஒரு எச்சரிக்கை: பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்கள் சிலவற்றில் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தொடாதீர்கள்! கியர் மாற்றும் இணைப்பைப் பிடித்திருப்பதே அதுதான். கழற்றினால் கியர் கேஸையே பிரிக்க வேண்டி வரலாம்.