ரியாக்டருக்குச் சரக்கு போகும் ஃபீட் லைனிலேயே வினை தொடங்கினால்: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்டைரீன் (பிளாஸ்டிக் செய்யும் மூலத் திரவம்) டேங்குக்குச் சுத்தமான நைட்ரஜன்தான் கொடுக்கிறோம். டிபிசி (தானாகப் பாலிமராகாமல் தடுக்கும் இன்ஹிபிட்டர்) 12 பிபிஎம் இருக்கிறது. ஆனாலும் பம்ப் ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டியில்) கோந்து மாதிரி அடைக்கிறதே?

பதில்: அந்தச் 'சுத்தம்'தான் கோளாறு. கரைந்த ஆக்சிஜன் இல்லாமல் டிபிசி வேலை செய்யாது. சுத்த நைட்ரஜன் அந்த ஆக்சிஜனைத் துரத்திவிடுகிறது. லேப் ரிப்போர்ட்டில் 12 பிபிஎம் அப்படியே நிற்கும், பாலிமரும் வளரும். டேங்க் மேல்வெளியில் 3 முதல் 8 சதவீத ஆக்சிஜன் இருக்கட்டும்; அதற்கு மேல் போனால் தீ அபாயம். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே. அடியில் மட்டும் தெர்மாமீட்டர் வைத்து நிம்மதி அடையாதீர்கள், சூடு மேலடுக்கில்தான் ஏறும். 2020 மே 7 விசாகப்பட்டினம் ஸ்டைரீன் கசிவு விபத்தில் இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, ஸ்டாண்ட்பை பம்பைப் பாருங்கள். வாரக்கணக்கில் அசையாத ஸ்டைரீன் அங்கே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். வாரம் ஒருமுறை பம்பை மாற்றி ஓட்டுங்கள், அல்லது வடித்துவிடுங்கள். பித்தளை வால்வு எங்காவது இருந்தால் கழற்றுங்கள். சந்தேகமா? சில மில்லி ஸ்டைரீனை நிறைய மெத்தனாலில் விட்டுக் கலக்குங்கள். பால் போல் மங்கினால் பாலிமர்.

கேள்வி: குளிரில் அக்ரிலிக் அமில டிரம் பாதி உறைந்துவிட்டது. நீராவி காட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. 13 டிகிரியை ஒட்டி அது உறையும்போது, இன்ஹிபிட்டர் படிகத்தில் சேராமல் மிச்சத் திரவத்தில் ஒதுங்கும். படிகம் உருகி வரும் அமிலத்துக்குக் காவலே இல்லை. அதில் நீராவி பட்டால் கட்டுக்கடங்காமல் பாலிமராகும். 20–25 டிகிரி அறையில் வைத்து முழுக்க உருகவிட்டு, நன்றாகக் கலக்கிய பிறகே எடுங்கள். பாதி உருகியதில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

கேள்வி: டிடிஐ (பாலியூரித்தேன் செய்யும் ஐசோசயனேட்) லைனில் செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போதாதா?

பதில்: போதாது. ஈரம் பட்டால் உண்டாகும் யூரியா, வால்வு மூடி அமரும் இருக்கையிலேயே படியும். பிறகு வால்வு முழுதாக மூடாது. 18 கிராம் தண்ணீர் சுமார் 24 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு தரும், மூடிய குழாயில் அது வெறும் அழுத்தம். 1984 போபாலில் தண்ணீர் புகுந்த டேங்கில் இருந்ததும் ஐசோசயனேட்தான். அழுத்த வித்தியாசம் குறைந்தால் தானே மூடும் வால்வு, நடுவே வடிகாலோடு இரட்டை வால்வு, உலர் நைட்ரஜன்: மூன்றும் வேண்டும்.

கேள்வி: டிப் பைப் (ரியாக்டர் திரவத்துக்குள் இறங்கும் ஃபீட் குழாய்) எங்கே முடிய வேண்டும்?

பதில்: கிளறியின் விசிறிக்குப் பக்கத்தில். மேற்பரப்பில் சொட்டவிட்டால் விழுந்த இடத்திலேயே அடர்ந்து பக்கவினை கூடும். திரவ மட்டத்துக்கு மேலே பைப்பில் ஒரு சின்னத் துளை போடுங்கள். ஃபீட் நின்றதும் ரியாக்டர் சரக்கு சைஃபனாகித் திரும்பாது.