அயர்லாந்து மரக்குழல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, மகள் அயர்லாந்தின் கால்வே நகரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மரக்குழலைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தி ஓய்ந்தவன், சிறுவயதில் மூங்கில் குழல் கற்றவன் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: வயது ஐம்பத்திரண்டு. ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். சங்கீதம் கற்றதில்லை. அயர்லாந்து மரக்குழலைக் கேட்டதிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. இணையத்தில் பூ வேலைப்பாட்டோடு ஈட்டி மரக் குழல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

உங்கள் வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தக் குழலைப் பற்றித்தான் கவலை. அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டலாம். அந்த வகைக் குழல் ஒன்றை ஒருவர் என் பட்டறைக்குச் சரிசெய்யக் கொண்டுவந்தார். அகலம் அளக்கும் காலிப்பரை உள்ளே விட்டுப் பார்த்தேன். தலை முதல் கால் வரை ஒரே அகலம். ஊதும் துளையின் விளிம்பு மழுங்கிக் கிடந்தது. கீழ் ஸ்தாயி ஒரு சுருதி, மேல் ஸ்தாயி வேறு சுருதி. சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நல்ல அயர்லாந்துக் குழலில் தலைப்பகுதி மட்டும்தான் நேர்த்துளை. உடல்பகுதி கால்முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அந்தக் குறுகலைக் குடைவதற்குத் தனி ரீமர் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டு ஸ்தாயியும் சேர்ந்து நிற்பது அந்தக் குறுகலால்தான். விலை ஏறுவதற்கும் அதுவே காரணம்.

இன்னொரு சங்கதி. இது அயர்லாந்தில் பிறந்த கருவி அல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ரூடால் அண்ட் ரோஸ் போன்ற பட்டறைகள் கச்சேரி வித்வான்களுக்காகச் செய்த குழல். ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1832இல் துளைகளை மூடித் திறக்கும் விசைகளுக்குப் புதிய அமைப்பையும், 1847இல் நேர்த்துளைக் குழலையும் கொண்டுவந்தார். இசைக்குழுக்கள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. வேண்டாமென்று ஒதுக்கிய மரக்குழல்கள் பழைய சாமான் விலைக்கு வந்தபோது, அயர்லாந்துக் கிராமத்தார் வாங்கித் தங்கள் ஆட்டப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் மாவட்டங்கள் இன்றும் குழலுக்குப் பெயர் போனவை. பெரிய இடத்துக் கழிவு ஏழை வீட்டில் குலதனமாகிவிட்டது.

இப்போது என் தீர்ப்பு: முதல் குழல் மரமாக இருக்க வேண்டாம். டெல்ரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில், மரக்குழலின் அதே உள்துளை அளவோடு கடைந்து விற்கிறார்கள். வெடிக்காது, எண்ணெய் கேட்காது, சுருதி நிற்கும். ‘டி’ சுருதி, ஆறு துளை, விசை இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். எட்டு விசை வரை வைத்த குழல்கள் உண்டு. அவை உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை. விரல் குட்டை என்றால் சிறிய துளை வைத்த ரூடால் மாதிரி. பிராட்டன் என்ற இன்னொரு மாதிரியில் துளைகள் பெரிது, காற்றும் அதிகம் குடிக்கும். வெளிநாட்டு விலையோடு சுங்கவரியும் சேரும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். ஆப்பிரிக்கக் கருமரமும் பாக்ஸ்வுட்டும் உதடு பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கை அரித்தால், நம் ஊரில் பிவிசி குழாய்க்குப் பஞ்சமா? ஒரு முனையை அடைத்து ஒரு துளை போட்டு ஊதிப் பாருங்கள். சத்தம் பிறப்பது எங்கே என்று தெரிய அது போதும்.

கேள்வி: குழல் வாங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் ஊதினால் தலை சுற்றுகிறது. மூன்று விரல் மூடும்வரை சத்தம் வருகிறது. ஆறும் மூடினால் வெறும் காற்றுதான். குழலில் கோளாறா? (பொள்ளாச்சி, கல்லூரி மாணவி)

குழலில் கோளாறு இல்லை, அம்மணி. தலை சுற்றினால் உடனே குழலைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். வைராக்கியம் காட்ட இது இடமில்லை. ஊதுகிற காற்றில் பாதி துளைக்கு வெளியே போகிறது. அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சு வாங்கி ஊதுகிறீர்கள். அதனால்தான் சுற்றுகிறது.

உடல்பகுதியைக் கழற்றிவிட்டுத் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கீழுதடு துளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். உதடுகளுக்கு நடுவே நெல்மணி அளவுக்கு இடைவெளி. காற்று துளைக்குள் நேராக இறங்கவும் கூடாது, மேலே பறக்கவும் கூடாது. எதிர் விளிம்பில் மோதி இரண்டாகப் பிளக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஊதிவிட்டுக் குழலைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். துளைக்கு அப்பால் மூச்சின் ஈரம் சின்ன முக்கோணமாகப் படிந்திருக்கும். அது துளைக்கு நேராக இருந்தால் காற்று நேர். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் உதடு கோணல். குழலைச் சற்று நகர்த்துங்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவர்களுக்கு இந்த ஈரத்தடம்தான் ஆசிரியர்.

ஆறு விரல் விவகாரம் வேறு. ஆறையும் மூடி நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுத்து விரல்களைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும். எந்த விரலில் பிறை தெரிகிறதோ அங்கேதான் ஒழுக்கு. பெரும்பாலும் வலக்கை மோதிர விரல். விரல் நுனியால் மூடப் பார்க்காதீர்கள். விரலை நீட்டி, சதைப்பற்றான இடத்தால் படுக்கவைத்து மூடுங்கள். இடம் தெரிந்த பிறகு அழுத்தம் வேண்டாம், மூடினால் போதும். குழல் மூன்று துண்டாக இருந்தால் கீழ்த்துண்டை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம்.

மூன்று விரலில் சத்தம் நிலைத்த பிறகு நான்காவது, அது நின்ற பிறகு ஐந்தாவது, கடைசியில் ஆறாவது. கீழே இறங்க இறங்க வேகமாக ஊதத் தோன்றும். வேகமாக ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். உதட்டு இடைவெளியைக் குறைத்து, காற்றைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஒரு முறைக்குக் கால் மணி நேரம் போதும்.

கேள்வி: சிறுவயது முதல் கர்நாடகக் குழல் வாசிக்கிறேன். அயர்லாந்துக் குழலில் விரல்கள் பழகிய மாதிரியே போகின்றன. ஆனால் அவர்கள் பாட்டு எதுவும் பிடிபடவில்லை. எங்கே தவறு? (கோயம்புத்தூர், ஆர்.எஸ்.புரம்)

தம்பி, உங்களுக்கு ஷட்ஜம் வேறு வீட்டில் இருக்கிறது. அவ்வளவுதான். நம் குழலில் மேல் இரண்டு துளைகளை மூடினால் ச. அங்கிருந்து துளைகளை முழுதாகத் திறந்து மூடிக்கொண்டு போனால் கிடைப்பது ஹரிகாம்போதி. வடக்கே பான்சுரிக்காரர் மூன்றை மூடி ச என்பார். அயர்லாந்துக்காரருக்கு ஆறும் மூடியதுதான் முதல் வீடு; அங்கிருந்து வரிசையாகத் திறந்தால் சங்கராபரணம், இரண்டு கட்டை சுருதியில்.

ஆனால் அவர்கள் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. நிறையப் பாட்டுகளுக்கு மூன்று விரல் மூடிய ஸ்வரம்தான் ஆதாரம். அப்போது எல்லாத் துளையும் திறந்தால் பிரதி மத்யமம் விழும், கல்யாணி ஆகிவிடும். அவர்களுக்கு வேண்டியது சுத்த மத்யமம். முதல் துளையைத் திறந்து, அடுத்த இரண்டை மட்டும் மூடினால் அது வரும். ஐந்து விரலை ஆதாரமாக வைத்த பாட்டுகள் கரகரப்பிரியா சாயலில் இருக்கும். இரண்டு விரல் ஆதாரமும் உண்டு. அங்கே உங்கள் ஹரிகாம்போதி அப்படியே காத்திருக்கும். பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து உட்காருகிறது என்று கேட்டு, ச-வை அங்கே வைத்துவிட்டுப் பிறகு விரலை எடுங்கள்.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அசைவே இல்லை என்று சொல்லவில்லை; ஒரு ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு ஏறுவது அங்கும் உண்டு. ஆனால் ஸ்வரத்தை ஆட்டிக் கம்பிதம் போட்டால் ஆட்டத்தின் நடை கெட்டுவிடும். நாக்கால் ஸ்வரத்தைப் பிரிக்கும் துத்துக்காரமும் அங்கே குறைவு. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால் பிரிப்பது பெரும்பாலும் விரல்தான். மூடிய விரல் ஒன்றை இமைப்பொழுது தூக்கி வைப்பது ‘கட்’. திறந்திருக்கும் கீழ்த்துளையை ஒரு தட்டுத் தட்டி எடுப்பது ‘டாப்’. இரண்டையும் சேர்த்தால் ‘ரோல்’. மூன்று விரல் ஸ்வரத்தை நீட்டிப் பிடியுங்கள். மேல்கை விரல் ஒன்றைச் சட்டெனத் தூக்கி வையுங்கள். மறுபடி அதே ஸ்வரம். நான்காம் துளையில் ஒரு தட்டு. மறுபடி அதே ஸ்வரம். நடுவில் வந்தது எந்த ஸ்வரம் என்று கேட்பவர் பெயர் சொல்ல முடிந்தால் நீங்கள் செய்தது மெதுவாகிவிட்டது. நம் ஆட்களுக்கு இது எளிதில் வராது. ஸ்வரம் என்றால் அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே பழகியவர்கள் நாம்.

கேள்வி: பல்லடம் சஞ்சீவ ராவ் பெயரைச் சொல்லும் பகுதியில் இருந்துகொண்டு, அயர்லாந்துக் குழலுக்கு ஆசிரியர் தேடி அலைகிறேன். நொட்டேஷனும் படிக்கத் தெரியாது. (பல்லடம்)

சஞ்சீவ ராவ் குழல் மேதை சரப சாஸ்திரியின் சீடர், சங்கீத கலாநிதி. அவர் பெயரோடு உங்கள் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தக் குழலுக்கு அவர் வழி உதவாது. உங்களுக்கு நொட்டேஷன் தெரியாதது நல்லதாகப் போயிற்று. இது காதால் கற்ற இசை. அயர்லாந்தில் இதைக் கற்றுக்கொடுக்கவும் பரப்பவும் 1951இல் தொடங்கிய கோல்டஸ் அமைப்பு இருக்கிறது. இருந்தும் கூட்டமாக உட்கார்ந்து கேட்டு வாசிப்பதுதான் அங்கே பள்ளிக்கூடம்.

யாரைக் கேட்பது? எல்லோரும் மாட் மொலாயிடம் போவார்கள். அயர்லாந்தின் சீஃப்டன்ஸ் இசைக்குழுவில் வாசித்த குழல் வித்வான், அபாரமான மனிதர், ஆனால் தொடங்குகிறவர்களுக்கு அவர் வாசிப்பில் நுணுக்கம் அதிகம். என் பரிந்துரை கேத்தரின் மெக்கவாய். நடை தளராது, மூச்சு எங்கே எடுக்கிறார் என்பது காதில் விழும்.

பாட்டின் கட்டு எளிது. பெரும்பாலும் எட்டு எட்டு ஆவர்த்தனமாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இரண்டு முறை. ‘ஜிக்’ என்ற ஆட்டப்பாட்டு திஸ்ர நடை, மூன்று மூன்றாக எண்ணுவது. கும்மி அடிக்கிற ஊர்க்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ரீல்’ என்ற வகை சதுஸ்ரம், நான்கு நான்காக. ஜிக்கில் தொடங்குங்கள். கையால் தட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் வாயால் முணுமுணுக்க வந்த பிறகே குழலை எடுங்கள்.

மூச்சைப் பற்றி ஒன்று. பாட்டில் இடைவெளியே இல்லையே, எங்கே மூச்சு வாங்குவது என்று திகைப்பீர்கள். ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் வாங்குங்கள். அது குற்றமல்ல, முறையே அதுதான். அடுத்த சுற்றில் வேறு இடத்தில் வாங்கினால் விட்டுப்போன ஸ்வரமும் கேட்பவருக்குக் கிடைத்துவிடும். தாளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உறவினர் கருமரக் குழல் பரிசளித்தார். எங்கள் ஊர்க் காற்றுக்கு மரம் வெடித்துவிடும் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா? (தாராபுரம்)

பயம் நியாயமானது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுற்றிவிடுகிற ஊர் உங்களுடையது. மரம் வெடிப்பது வெயிலால் மட்டுமல்ல. ஊதும்போது உட்புறம் ஈரத்தில் உப்புகிறது. வெளிப்புறம் காய்ந்து சுருங்குகிறது. தலைப்பகுதிக்குள் சுருதி மாற்றுவதற்காக உலோகக் குழாய் வைத்திருந்தால் இன்னும் மோசம்; மரம் சுருங்கப் பார்க்கும், உலோகம் இடம் கொடுக்காது. அதனால் தலைப்பகுதியில்தான் முதலில் விரிசல் விழும்.

புதுக் குழலை முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். முடித்ததும் குச்சியில் சுற்றிய பனியன் துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். திருப்பூர்ப் பக்கத்தில் அதற்கும் குறைவில்லை. பெட்டிக்குள் துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டு ஒன்றை வையுங்கள். மாசி, பங்குனியில் இது கட்டாயம். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்கு நல்லது. அதைக் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. காருக்குள் வைத்துவிட்டுப் போவது மட்டும் ஆகவே ஆகாது.

காங்கேயம் பக்கத்தில் இருப்பவரிடம் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் துளைக்குள் வெண்ணெய் படிந்து நிற்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் பாதாம் எண்ணெயை, குழல் நன்றாக உலர்ந்த பிறகு உள்ளே மெல்லியதாகத் தடவி, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விசை இருந்தால் அதன் அடியிலுள்ள திண்டில் எண்ணெய் படக் கூடாது. பொருத்துகள் தளர்ந்தால் தேன்மெழுகு தடவிய பருத்தி நூலை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மழைக்காலத்தில் இறுகினால் அவிழ்த்துவிடுங்கள். பொருத்து இறுகும்போது முறுக்கித் திருகினால் காற்று செய்யாததை உங்கள் கை செய்துவிடும்.

கேள்வி: பத்து வயது மகனுக்கு இந்தக் குழலையே கொடுக்கலாமா? (கோபிசெட்டிபாளையம், பள்ளி ஆசிரியை)

வேண்டாம். டின் விசில் கொடுங்கள். விரல் முறை அதே ஆறு துளைதான். உதட்டு வித்தை தேவையில்லை, ஊதியதும் சத்தம் வரும். இங்கிலாந்தில் கிளார்க் 1843 முதல் தகரத்தில் செய்துவந்த கருவி. விலையும் கையைக் கடிக்காது. ‘டி’ சுருதியில் கேட்டு வாங்குங்கள். ‘சி’ சுருதி விசிலை வாங்கிவிட்டால் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க முடியாமல் பையன் வெறுத்துவிடுவான். கை நீண்டு ஆறு துளையும் எட்டும்போது அவனே குழல் கேட்பான். கேட்காவிட்டாலும் விசில் கையில் இருக்கும்.