பழைய ஐ5 டெஸ்க்டாப்பில் கேம் ஓட எதை முதலில் மாற்றுவது?

ஐ5-4570, 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் டெஸ்க்டாப் என்கிறீர்கள். கார்டு வாங்கும் முன் மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று படியுங்கள். இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் 300 வாட்டுக்குள்தான் இருக்கும். கார்டுக்குத் தனி பவர் ஒயரும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். அதிலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 போதும். ஆனால் அதே 1650-இல் தனியாக 6 பின் பவர் ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு. அந்த ஒயர் செருகும் இடம் இருக்கிறதா என்று கடையிலேயே கார்டின் மேல்விளிம்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரேம். ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 போடுங்கள். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) லோடிங் நேரத்தைத்தான் குறைக்கும், எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) பெரிதாக ஏற்றாது.

மதுரை சித்திரை வெயிலில் தூசி அடைத்த ஃபேனோடு எந்தக் கார்டும் திணறும். தூசி ஊதி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) கட்டாயம் வையுங்கள். இன்னும் வேகமான ஐ7-4770 பிராசஸர் உங்கள் ஐ5 இருக்கும் அதே சாக்கெட்டில் உட்காரும்தான், இப்போதைக்கு அதில் காசு போடாதீர்கள்.