பொதிக்குள் வராத தலைப்புக் கோப்புகள்

மண்டபத்து நண்பருக்கு வணக்கம். மீன் ஏலக் கணக்கு மென்பொருளின் மூல நிரலுக்குள் இருக்கும் எடைச்சீட்டுக் கருவியை மட்டும் பொதியாக அனுப்பினால், தொண்டியில் தொகுக்க (கம்பைல் செய்ய) மறுக்கிறது என்கிறீர்கள். அதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள், அதாவது நிரலின் பொது அறிவிப்புகள் உள்ள ஹெடர் கோப்புகள், மேல் அடைவிலேயே (ஃபோல்டரிலேயே) தங்கிவிட்டன. வலையை ஏற்றிவிட்டு நங்கூரத்தைக் கரையில் விட்ட கதைதான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் டூல்ஸ் அடைவில் உள்ள, செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியைப் பாருங்கள். பொதிக்கு வேண்டிய கோப்புகளை, வெளி அடைவுகளில் இருப்பவை உட்பட, மேனிஃபெஸ்ட் என்ற ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ‘மேக் பெர்ஃப்-டார்-எஸ்ஆர்சி-பிகேஜி’ என்று கட்டளையிட்டால் அவை ஒன்றாகக் கட்டிய டார் கோப்பாகிவிடும். தாராளமாகக் காப்பியடியுங்கள்.

பொதிக்குள் கிட் வரலாறு (நிரல் மாற்றங்களின் பதிவு) இருக்காது; பதிப்பு எண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே பொதியைக் கட்டும்போதே அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். பிறகு மூல அடைவுக்கு வெளியே விரித்துத் தொகுத்துப் பாருங்கள். உள்ளேயே விரித்து, மேல் அடைவின் கோப்புகளை அது எடுத்துக்கொண்டதை அறியாமல், எல்லாம் சரி என்று நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.